சூடு நடக்காத ஒன்பது நாள்

தை மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்து நாற்பதுக்கு எங்கள் நெட்டமரம் எஸ்டேட்டில் சூடு நடப்பதை நிறுத்திக்கொண்டது. எங்கே நின்றதோ அங்கேயே இருந்துவிட்டது. அடுப்பில் இருந்த சூடு பானைக்குப் போகவில்லை, பானையில் இருந்த சூடு சோற்றுக்குப் போகவில்லை, போர்வைக்குள் இருந்த சூடு வெளியே எட்டிப் பார்க்கவில்லை, மலைக்கு மேலே வழக்கம்போல் ஏறி வந்த சூரியனிடமிருந்து வெளிச்சம் மட்டும் இறங்கித் தேயிலைச் செடிகள் மேல் விழுந்தது, சூடு வரவில்லை. நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் ஃபேக்டரிச் சங்கு ஊதிச் சரியாகப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

அந்த நொடியில் யார் எப்படி இருந்தார்களோ அதுவே அவர்கள் கதி என்றாகிவிட்டது. நான் குழாயடியில் குடம் கழுவிக்கொண்டிருந்தேன், உறைபனி கரைந்த தண்ணீரில் இரண்டு கையும் மணிக்கட்டு வரை விறைத்திருந்தன, அந்த விறைப்பு ஒன்பது நாளும் என்னை விடவில்லை. கொழுந்து எடை போடும் கணக்கப்பிள்ளை சற்குணமோ மூன்று கம்பளிக்குள் குரங்குக் குல்லாய் போட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், அதனால் ஒன்பது நாளும் கதகதவென்று கன்னம் சிவக்க உலாத்தினார். "கொழுந்து கிள்ளுறவளுக்குக் குளிரு, எடை போடுறவருக்கு வெதுவெதுப்பு, சூடுகூட நம்ம துரைகிட்டதான் வேலை பாக்கும் போலிருக்கு" என்று பக்கத்து வீட்டு லூர்து அக்கா சொன்னாள்.

முதல் நாள் எங்களுக்கு அது ஒரே கொண்டாட்டமாகத்தான் இருந்தது. கங்கு கையைச் சுடவில்லை என்று தெரிந்ததும் ஆம்பிளைகள் எல்லாம் பூமிதி வீரர்களாகிவிட்டார்கள், எரிகிற கட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சீட்டாடினார்கள், பெண்கள் கரண்டி தேடாமல் கொதிக்கிற எண்ணெயில் கையை விட்டு வடையை எடுத்தோம், ஆனால் வடை வேகாமல் மாவாகவே வந்தது. பீரான் காக்கா தன் கடையில் செவ்வாய்க்கிழமை போட்ட டீயை வெள்ளிக்கிழமையும் ஆவி பறக்க விற்றார், பழைய டீ என்று யாராவது முகம் சுளித்தால், "சூடு இன்னும் புதுசுதானே மோளே" என்பார். அந்த டீ தொண்டையில் இறங்கி வயிற்றில் கொதித்தபடி கிடக்கும், உடம்புக்கு ஒரு துளி கதகதப்பு தராது.

பிறகுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. தீக்குச்சியைக் கிழித்தால் மருந்து எரியும், குச்சிக்குத் தீ பிடிக்காது, ஏனென்றால் மருந்தின் சூடு குச்சிக்கு வர வேண்டுமே. எரிந்துகொண்டிருந்த அடுப்புகள் அன்று மதியத்துக்குள் அணைந்துபோயின, புதிதாக எதையும் மூட்ட முடியவில்லை. துரையின் ஜீப் மூன்றாவது வளைவு வரை போனது, எஞ்சினில் பிறந்த சூடு எஞ்சினை விட்டு வெளியேற மறுத்ததால் உள்ளேயே சேர்ந்து சேர்ந்து கருகி நின்றுவிட்டது. கீழே சமவெளிக்குப் போக நாற்பது வளைவு, கால்நடையாக ஆறு மணி நேரம். துரை தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார், சூடு நின்றதற்கான காரணத்தை மூன்று பிரதிகளில் எழுதி அனுப்பும்படி பதில் வந்தது, அவரும் உட்கார்ந்து எழுதினார்.

காரணம் எங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. மார்கழியில் மாரியம்மனைக் குளிர்விக்க வருஷா வருஷம் நூற்றெட்டுக் குடம் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவோம், இந்த வருஷம் மேல் லைன் வீட்டுக்காரர்களுக்கும் கீழ் லைன் வீட்டுக்காரர்களுக்கும் யார் முதலில் ஊற்றுவது என்று தகராறு வந்து, சமாதானமாக இரண்டு லைனும் தனித்தனியாக நூற்றெட்டு ஊற்றிவிட்டோம். அம்மன் அளவுக்கு மேல் குளிர்ந்துவிட்டாள், வேறென்ன. உடனே காய்ந்த மிளகாயில் மாலை கட்டிச் சாத்தினோம், மிளகும் சுக்கும் படைத்தோம், பாதிரியாரும் தன் பங்குக்கு ஒரு செபம் வைத்தார், பூசாரிக்கு மூன்று நாள் தும்மல் வந்ததுதான் மிச்சம். கொழுந்தை உலர்த்த முடியாததால் எல்லோருக்கும் வேலை இல்லை என்று அறிவித்துவிட்டார்கள், நாங்களும் லைன் வாசல்களில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து, இதையே பேசிப் பேசிப் பழகிக்கொண்டோம்.

மலையில் மிச்சமிருந்த சூடெல்லாம் ஃபேக்டரி டிரையருக்குள் இருந்தது. தேயிலையை உலர்த்தும் அந்த இரும்பு ராட்சசன் இரவெல்லாம் விறகு தின்று பழுத்திருந்த நேரத்தில்தான் சூடு நின்றிருந்தது, அதனால் ஏறிய சூடு இரும்பை விட்டு இறங்கவே இல்லை. அதைப் பார்த்துக்கொள்கிறவன் தவசி. கல்யாணமாகி ஆறு வருஷம், இரண்டு பிள்ளை வயிற்றிலேயே கலைந்துபோய், மூன்றாவதாக அவன் பெண்டாட்டி அன்னத்தாய்க்கு அப்போது ஏழு மாசம். இரண்டாம் நாள் காலை தவசி வழக்கம்போல் டிரையர் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான், ஒன்றும் வரவில்லை, பதினோரு வருஷமாக அதோடு பேசிப் பழகியவன் என்பதால் பயப்படாமல், "என்ன கோவம் ஒனக்கு, வா" என்றான். ஒரு கை சூடு வந்து அவன் உள்ளங்கையில் உட்கார்ந்தது.

வேறு யார் கூப்பிட்டும் அது வரவில்லை. ஆனால் தவசி எடுத்ததை அடுத்தவர் வாங்கலாம், அவர் "இந்தா" என்று சொல்லி இன்னொருவருக்குக் கொடுக்கலாம். கொடுக்கிறவர் மனது வைத்துச் சொல்ல வேண்டும், சும்மா வாயால் சொன்னால் நகராது. மூன்று மூச்சுக்குள் கைமாற்ற வேண்டும், தாமதித்தால் சூடு தோள் வழியாக ஏறி உடம்புக்குள் போய்த் தங்கிவிடும், பிறகு சுலபத்தில் வராது. அதனால் ஒருவரே தூக்கிக்கொண்டு ஓட முடியாது, வரிசையாக நின்று கைக்குக் கை கொடுத்தோம். ஃபேக்டரியிலிருந்து கீழ் லைன் வரை நாற்பது பேர், மேல் லைன் வரை எழுபது பேர். ஒரு படி அரிசி வேகப் பதினெட்டுக் கை சூடு என்று இரண்டே நாளில் எங்கள் பெண்கள் அளவு கண்டுபிடித்துவிட்டார்கள்.

இதில் சற்குணம் தன் புத்தியைக் காட்டினார். தினமும் நாங்கள் கொண்டுபோகும் கொழுந்தில் ஈரத்துக்கு என்று கூடைக்கு இரண்டு கிலோ கழிப்பவர் அவர், வெயில் மண்டையைப் பிளந்து இலை சருகாகக் காய்ந்த நாளிலும் கழிப்பார். சூட்டு வரிசையிலும் நடுவில் வந்து நின்றுகொண்டு, "வழியில சிந்துறதுக்கு ஒரு சிட்டிகை கழிக்கணும்" என்றார். சிந்தாத சூட்டுக்கு என்ன கழிவு என்று வரிசை தொடங்கிய நாளில் சண்டை போட்டோம். மறுநாள் அவருக்கு அடுத்தவரும் ஒரு சிட்டிகை கழித்தார். நான்காம் நாள் எல்லோரும் கழித்தோம், கை வழியே எது போனாலும் கொஞ்சம் குறைந்துதான் போகும் என்பது எங்களுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

ஒன்பதாம் நாள் புதன்கிழமை காலை பத்து மணிக்கு அன்னத்தாய்க்குக் குழந்தை பிறந்தது. ஏழு மாசக் குழந்தை, ஒன்றேகால் கிலோ, நீலம் பூத்த உடம்பு, அழவில்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் சிஸ்டர் ஏலியம்மா குழந்தையை அன்னத்தாயின் நெஞ்சில் போட்டாள், தோலோடு தோல் ஒட்டியும் தாயின் சூடு தாண்டி வரவில்லை. அன்னத்தாய் தன் உள்ளங்கையை அதன் முதுகில் வைத்து "இந்தா, இந்தா, இந்தா" என்று சொல்லிச் சொல்லித் தன்னிடமிருந்ததை எல்லாம் கொடுத்தாள், பெற்றவள் கேட்டால் உள்ளே தங்கின சூடும் வரும் போலிருக்கிறது, அவள் உதடு கறுத்துப் பல் கிட்டும் வரை கொடுத்தாள், சிஸ்டர் கையைப் பிடித்து இழுத்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

"உள்ள போற சூடு முழுக்க நெஞ்சு துடிக்கவும் மூச்சு விடவும் செலவாயிடுது. பால் உறிஞ்சத் தெம்பில்ல. ஒரு வட்டம் வயிறு நெறையக் குடிச்சா அப்புறம் பாலே சூடு கொடுக்கும். ரெண்டு மணிக்கூர், அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது" என்றாள் சிஸ்டர்.

பீரான் காக்கா ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஃபேக்டரி வரை செருப்பில்லாமல் ஓடினார். "தவசீ, பிறந்தாச்சு! தீரச் சின்னது! நீலமாக் கெடக்கு, சூடு வேணும்!" தவசி ஒரு கேள்வி கேட்கவில்லை. டிரையரைப் பார்த்துத் திரும்பி இரண்டு கையையும் இரும்பில் வைத்தான். அவன் நகர்ந்தால் எடுப்பதற்கு ஆளில்லை, அதனால் தன் பிள்ளையைப் போய்ப் பார்க்க முடியாத ஒரே ஆள் அவன்தான்.

ஃபேக்டரி கீழே ஓடைக்கரையில், ஆஸ்பத்திரி மேலே குன்றின் தலையில், நடுவே அறுநூறு மீட்டர் தேயிலைச் சரிவு. கால் மணி நேரத்தில் மொத்த எஸ்டேட்டும் அந்தச் சரிவில் ஏறி நின்றது, தள்ளாதவர்களும் கைப்பிள்ளைக்காரிகளும் நின்றார்கள், சண்டை போட்டு வருஷக்கணக்கில் பேசாதவர்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள், துரையும் துரைசானியும் அறுபத்து மூன்றாவது அறுபத்து நான்காவது ஆளாக நின்றார்கள், நானூற்றுப் பன்னிரண்டு பேர். நான் கிட்டத்தட்ட நடுவில், எனக்குக் கீழே லூர்து அக்கா, எனக்கு மேலே சற்குணம். இரண்டு முனையும் என் கண்ணுக்குத் தெரியாது, நடந்ததை எல்லாம் கை வழியாகவும் வாய் வழியாகவும்தான் தெரிந்துகொண்டேன்.

வந்தது சூடு. "இந்தா", "இந்தா", "இந்தா" என்று சரிவு முழுக்க ஒரே சொல் ஏறி வந்தது, லூர்து அக்கா என் விறைத்த கையில் வைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது, எட்டு நாளாக ஏங்கிக் கிடந்த கைக்கு அது அவ்வளவு இதமாக இருந்தது. நான் சற்குணத்திடம் கொடுத்தேன். அடுத்தது வந்தது, கொடுத்தேன். அரை மணி நேரம் இப்படிப் போனது, தவசி நூறு கைக்கு மேல் எடுத்திருப்பான், அப்போது மேலிருந்து சேதி இறங்கியது. சிஸ்டர் ஏலியம்மா கேட்கிறாளாம், "என்ன இது, கை வருது, சூடு வரலையே!"

நான் இதை மறைக்கப்போவதில்லை. நானும் எடுத்தேன். ஒவ்வொரு கையிலும் ஒரு சிட்டிகை, ரொம்பக் கொஞ்சம், என் வலது கைச் சுண்டுவிரல் நுனிக்கு மட்டும், குழந்தைக்கு இது ஒன்றும் குறையாது என்று நினைத்துத்தான் எடுத்தேன். எனக்குக் கீழே இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள், மேலே இருந்தவர்களும் அப்படித்தான். நானூறு பேரும் ஆளுக்கு ஒரு சிட்டிகை எடுத்தால் தகப்பன் கொடுத்தது பிள்ளையிடம் போகும்போது வெறும் கையாகத்தான் போய்ச் சேரும். யாரும் யாரையும் பார்க்கவில்லை. சற்குணம் குல்லாயைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

சேதி கீழே இறங்கித் தவசியிடம் போனது. அவன் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் சொன்னது வாய்க்கு வாய் ஏறி வந்தது. "இரும்புல பாதிக்கும் கீழதான் இருக்கு. என் கைக்கு வர்றது எல்லாத்தையும் குடுத்துட்டேன் மக்கா. நீங்களும்..." பாதியில் விட்டு மறுபடி இரும்பில் கையை வைத்துவிட்டான் என்று கீழே இருந்தவர்கள் சொன்னார்கள்.

லூர்து அக்காதான் முதலில் காலால் தரையை உதைத்தாள். எதையும் கண்டுபிடிக்க வேண்டும் என்று இல்லை, ஆத்திரம், தன் மேலேயே ஆத்திரம், "சீ, நாமெல்லாம் மனுசங்களா" என்று சொல்லிச் சொல்லித் தரையை மிதித்தாள், இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதித்தாள், அப்போது அவள் கைக்கு அடுத்த சூடு வந்தது, வாங்கி என் கையில் வைத்தாள், வைத்தவள் அப்படியே நின்று என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி சந்தனமாரி, கூடிருக்கா?"

கூடித்தான் இருந்தது. அவள் வாங்கினதைவிடக் கொடுத்தது பெரிதாக இருந்தது. மிதித்த காலில் பிறந்த புதுச் சூடு, எங்கேயும் போய்த் தங்காத பச்சைச் சூடு, கையில் இருந்ததோடு வந்து சேர்ந்துகொண்டது. ஒன்பது நாள் சும்மா உட்கார்ந்திருந்த எங்களுக்கு இது தெரியவே இல்லை, கூலிக்கு ஓடுகிற நாளில் தினமும் செய்துகொண்டிருந்ததுதான், நம் உடம்பு அசைந்தால் சூடு பிறக்கும் என்று யாருக்குத் தோன்றியது! நான் குதித்தேன். ஐயோ, நான் குதித்த குதி! என் கையில் இருந்தது ஒரு சுற்றுப் பெருத்தது, சற்குணத்தின் கையில் கொண்டுபோய்த் திணித்தேன்.

"ஐயா, குதிங்க!"

"நானா?"

"குதிங்கங்கேன்!"

சற்குணம் குதித்தார். தொந்தியும் கம்பளியும் தனித்தனியாகக் குதித்தன. அவருக்கு மேலே இருந்தவன் குதித்தான், அவனுக்கு மேலே இருந்தவள் குதித்தாள், "குதி" என்ற சொல் மேலேயும் ஓடியது, கீழேயும் ஓடியது, மேல் லைன் பெண்கள் கும்மி கொட்டத் தொடங்கினார்கள், தட்டுகிற கையிலிருந்து சத்தம் ஒரு பக்கமும் சூடு ஒரு பக்கமும் பிறந்தது, கீழ் லைனில் யாரோ தப்பைத் தூக்கிக்கொண்டு வந்து அடித்தார்கள், சரிவு முழுக்க நானூறு பேர் ஆடினோம், ஆடிக்கொண்டே வாங்கினோம், ஆடிக்கொண்டே கொடுத்தோம், துரைசானி சேலையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு ஆடினாள், பாதிரியாரும் பூசாரியும் எதிரெதிரே நின்று ஆடினார்கள், ஒருவர்கூட ஒரு சிட்டிகை எடுக்கவில்லை, எடுக்கத் தோன்றவில்லை, ஆளுக்கு ஒரு சிட்டிகை போட்டுத்தான் அனுப்பினோம். லூர்து அக்காவிடமிருந்து எலுமிச்சையாக வந்தது என்னிடமிருந்து சாத்துக்குடியாகப் போனது, ஆஸ்பத்திரிப் படியை அடையும்போது பலாப்பழமாக ஆகியிருந்ததாம், கடைசி ஆளாக நின்ற பீரான் காக்கா அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போய் அன்னத்தாயின் கையில் கொடுத்தாராம், அன்னத்தாய் குழந்தையின் முதுகைத் தொட்டு "இந்தா என் தங்கம்" என்றாளாம்.

முதல் பலாப்பழம் போனது, நீலம் கொஞ்சம் வெளுத்தது. மூன்றாவது போனது, உள்ளங்கால் சிவந்தது. ஐந்தாவது போனபோது வாய் கோணியதாம், தலை தானாகத் திரும்பியதாம், உதடு தேடியதாம். இதெல்லாம் எங்களுக்கு ஒவ்வொரு சொல்லாக இறங்கி வந்தது. "சிவந்துருச்சு", "திரும்புது", "தேடுது". ஒவ்வொரு சொல்லுக்கும் நாங்கள் இன்னும் உயரக் குதித்தோம். பிறகு கொஞ்ச நேரம் ஒரு சொல்லும் வரவில்லை. ஆடிக்கொண்டேதான் இருந்தோம், தப்பு அடிப்பவர் கை ஓயாமல் அடித்தார், மேலே பார்த்துக்கொண்டே ஆடினோம்.

அப்புறம் வந்தது. "பிடிச்சிருச்சு! உறிஞ்சுது!" அதன் பின்னாலேயே சிஸ்டரின் சொல் இறங்கியது. "போதும்."

எங்கள் எஸ்டேட்டில் இப்படி ஒரு சொல்லை மேலே இருந்து யாரும் கீழே அனுப்பியதில்லை. இன்னும் இரண்டு கிலோ, இன்னும் ஒரு வரிசை, இன்னும் அரை மணி நேரம் என்றுதான் எங்கள் காது பழகியிருந்தது. சற்குணம் என்னிடம் "போதுமாம்" என்றார், நான் "என்னது?" என்றேன், அவர் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது, நான் லூர்து அக்காவுக்கு இரண்டு தடவை சொன்னேன். அவள் கேட்டுவிட்டுச் செடிக்குள் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே அடுத்தவனுக்குச் சொன்னாள். இப்படி ஒவ்வொருவராக நம்பி நம்பி அது கீழே போனது.

தவசி நம்பவில்லை. டிரையர் அதற்குள் உள்ளும் புறமும் சில்லிட்டுப் போயிருந்தது, ஓடைக்கல் மாதிரி ஆகியிருந்தது, இரும்பில் எடுக்க ஒன்றும் இல்லாமல் அவன் தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தான், எப்போதிலிருந்து என்று அவனுக்கே தெரியாது. விரல் பத்தும் கறுத்து, தாடை ஆடிக்கொண்டிருந்தது. "யாரு சொன்னா போதும்னு? நான் நிறுத்தமாட்டேன்" என்று கையை நீட்டிக்கொண்டே நின்றான். நானூற்றுப் பன்னிரண்டு பேரில் அந்த நேரத்தில் அவன்தான் எல்லோரையும்விடக் குளிர்ந்தவன்.

அப்போது சூடு திரும்பியது. யாரும் கொடுக்கவில்லை, யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. ஆடி வேர்த்திருந்த எங்கள் உடம்பிலிருந்து தானாக எழுந்து, கைக்குக் கை தாவிச் சரிவில் இறங்கியது, என்னைக் கடந்து போகும்போது என் தோளிலிருந்து நழுவி லூர்து அக்காவிடம் போனதை நான் உணர்ந்தேன், ஆஸ்பத்திரியிலிருந்து ஃபேக்டரி வரை அறுநூறு மீட்டரும் நடந்தது, நேராகத் தவசியிடம் போனது. அவன் கறுத்த விரல்கள் சிவந்தன. அவன் உள்ளங்கையைப் பார்த்தான், முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தான், பால் வாடை அடித்ததாம். சரிவின் மேலே வெயில் சுள்ளென்று எங்கள் முதுகில் விழுந்தது, பீரான் காக்காவின் டீ ஆறத் தொடங்கியது, என் கைவிறைப்பு விட்டது, அதையெல்லாம் நாங்கள் பிறகுதான் கவனித்தோம்.

ஏனென்றால் தவசி ஓடி வந்துகொண்டிருந்தான். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, எங்கள் வரிசையை ஒட்டி, விழுந்து எழுந்து, மேலே மேலே ஓடினான். யாரும் அவனைப் பிடித்து நிறுத்திக் கட்டிக்கொள்ளவில்லை, ஆளுக்கு ஆள் முதுகில் கையை வைத்து மேலே தள்ளிவிட்டோம். என்னைக் கடக்கும்போது ஏதோ திடீரென்று நினைவுக்கு வந்தவன் போல், ஓட்டத்தை நிறுத்தாமலே திரும்பிக் கத்தினான்.

"மதினி, என்ன பிள்ளைன்னு நான் கேக்கவே இல்லையே!"

கீழே இருந்தவர்களுக்கும் அது கேட்டது, மேலே இருந்தவர்களுக்கும் கேட்டது. நானூற்றுப் பதினோரு பேரும் ஒரே மூச்சில், "பொண்ணு!" என்றோம்.